நிரல் எழுதும் பெண்களை ஆய்வு நேர்காணலுக்கு அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கக் கல்லூரிகளில் படித்துக்கொண்டு 'மென்பொருள் குழுக்களில் பெண்கள்' என்று ப்ராஜெக்ட் எடுப்பவர்கள், கேள்விகளை எப்படியோ தயார் செய்துவிடுகிறார்கள். பேச ஆள் கிடைப்பதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப், திறமூல மென்பொருள் (யாரும் நிரலைப் பார்த்து மாற்றக்கூடியது) உருவாக்குபவர்களிடம் 2017-ல் நடத்திய ஆய்வில் பதில் சொன்னவர்களில் பெண்கள் வெறும் 3 சதவீதம். இருக்கும் அந்தச் சிலரிடமே எல்லா ஆய்வாளர்களும் போய் நிற்கிறார்கள். மலையில் அந்த எண்ணிக்கை இன்னும் சுருங்கும். சுருங்கச் சுருங்க, யார் என்று அடையாளம் தெரிந்துவிடும் ஆபத்தும் கூடும்.

முதல் தவறு, ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தருவதற்கு முன்பே ஆள் சேர்க்கத் தொடங்குவது. ஒப்புதலுக்கு முன் எடுத்த நேர்காணலைப் பிறகு பயன்படுத்த விடமாட்டார்கள். ஒரு பெண் கொடுத்த ஒரு மணி நேரம் வீணாகிவிடும். குழு இல்லாத கல்லூரி என்றால், வழிகாட்டியிடம் அழைப்புக் கடிதத்தையும் ஒப்புதல் படிவத்தையும் காட்டி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வயதையும் பாருங்கள். பாலிடெக்னிக் மாணவிகளும் முதலாண்டு பட்டப்படிப்பு மாணவிகளும் பலர் 18 நிறையாதவர்கள். 2023-ன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18-க்குக் கீழ் உள்ளவரைக் குழந்தை என்றே சொல்கிறது. பெற்றோர் ஒப்புதல் வாங்க வழியில்லை என்றால், 18 நிறைந்தவர்களை மட்டும் அழையுங்கள்.

அடுத்து, அழைப்பின் வாசகம். "பெண் புரோகிராமர்கள் தேவை, ப்ளீஸ் ஹெல்ப்" என்று வாட்ஸ்ஆப் குழுவில் போட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். யார் கேட்கிறார், எதற்கு, எவ்வளவு நேரம், பேசியது எங்கே போகும் என்று எதுவும் அதில் இல்லை. நல்ல அழைப்பு இப்படி இருக்கும்:

"வணக்கம். நான் குன்னூரில் எம்.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. திறமூலக் குழுக்களில் பெண்கள் சேர்வது, தொடர்வது, விலகுவது பற்றி ஆய்வு செய்கிறேன். கடந்த 3 ஆண்டுகளில் ஏதாவது ஒரு குழுவில் பங்களித்த, 18 வயது நிறைந்த பெண்களுடன் பேச விரும்புகிறேன். 45 நிமிடம், போனில். நீங்கள் சம்மதித்தால் மட்டும் பதிவு செய்வேன். எழுத்தாக்கியதும் ஒலிப்பதிவை அழித்துவிடுவேன். பெயர், ஊர், நிறுவனம் எதுவும் வெளிவராது. நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டாம்." கீழே உங்கள் பெயர், வழிகாட்டியின் பெயர், துறையின் தொலைபேசி எண், கடைசித் தேதி.

போன் திரையில் ஒரே பார்வையில் படித்துவிடும் நீளம் போதும். குழுவில் போடும் முன் அட்மினிடம் தனியாக அனுமதி கேளுங்கள். போட்ட பிறகு கேட்டால் அழைப்பு நீக்கப்படும். அடுத்த ஆண்டு கேட்டு வரும் மாணவிக்கும் கதவு அடைபடும். அந்தக் குழு இன்னும் நடக்கிறதா என்பதையும் பாருங்கள். தொழில்நுட்பத் துறைப் பெண்களுக்கான வுமன் ஹூ கோட் அமைப்பு 2024 ஏப்ரலில் தன்னை மூடுவதாக அறிவித்துவிட்டது. பழைய பட்டியலை நம்பி அதற்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

'புரோகிராமர்' என்ற சொல்லாலேயே பலரை வெளியே நிறுத்திவிடுகிறோம். சோதனை செய்பவர், ஆவணம் எழுதுபவர், மென்பொருளைத் தமிழாக்குபவர், நிகழ்ச்சி ஒருங்கிணைப்பவர் எல்லாரும் "நான் அதில்லையே" என்று ஒதுங்கிவிடுவார்கள். எந்தெந்த வேலைகள் சேர்த்தி என்று அழைப்பிலேயே எழுதுங்கள். குழுவை விட்டுப் போனவர்களையும் தேடுங்கள். ஏன் போனார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். குழுவுக்குள் மட்டும் அழைப்பு போட்டால் அது அவர்கள் கண்ணில் படவே படாது.

ஒருவர் மூலம் அடுத்தவர் என்று போவது சுலபம்தான், ஆனால் கடைசியில் ஒரே கல்லூரி, ஒரே பேட்ச் தோழிகளாக வந்து சேர்வார்கள். ஒருவர் வழியாக இரண்டு பேருக்கு மேல் எடுக்காதீர்கள். அவர் எண் கொடுத்து நீங்கள் கூப்பிடுவதைவிட, உங்கள் எண்ணை அவர் தோழியிடம் கொடுத்து, விருப்பமிருந்தால் தோழியே கூப்பிடட்டும் என்று விடுவது நல்லது. துறைத்தலைவர், மேலாளர், வீட்டுப் பெரியவர் மூலம் அழைக்கவே வேண்டாம். அவர்கள் சொல்லி வரும் 'சரி' சம்மதமாகாது. வந்தவரும் வாயைத் திறந்து எதையும் சொல்ல மாட்டார்.

எத்தனை பேர்? கானா, நைஜீரியா பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை வைத்து 2006-ல் வந்த ஆய்வுக் கட்டுரை, முதல் 12-க்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்றது. அதை எல்லாரும் காட்டுகிறார்கள். பங்கேற்பவர்கள் ஓரளவு ஒத்த பின்னணி உள்ளவர்களாக இருந்தால்தான் அது பொருந்தும் என்பதை விட்டுவிடுகிறார்கள். மாணவியையும் பத்தாண்டு வேலை பார்த்தவரையும் கலந்தால் 12 போதாது. ஒரு பருவ ப்ராஜெக்டுக்கு ஒரே வகையினர் 8 பேர் என்று வைத்துக்கொண்டு, 35 முதல் 40 பேருக்கு அழைப்பு அனுப்புங்கள். ஒரு மணி நேரத் தமிழ்-ஆங்கிலக் கலப்புப் பேச்சை எழுத்தாக்க 5, 6 மணி நேரம் ஆகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

மலையில் அதிகம் கவனிக்க வேண்டியது அடையாளம். "கோத்தகிரி அருகே உள்ள ஹட்டியைச் சேர்ந்த படுகர் பெண், பெங்களூரு நிறுவனத்தில் பைத்தான் எழுதுகிறார்" என்று அறிக்கையில் எழுதினால், பெயரை மாற்றியும் பயனில்லை. அந்த ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஊர், சமூகம், நிறுவனம், நிரல்மொழி என்ற நான்கில் எதை விடுவது என்பதை ஆள் சேர்க்கும் முன்பே முடிவு செய்து, அவரிடமும் சொல்லுங்கள்.

கருவிகளும் காட்டிக்கொடுக்கும். பங்கேற்பாளர்களை ஒரே வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்தால் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பிராட்காஸ்ட் அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே தனித்தனியாக அனுப்புவதே வழி. கூகுள் ஃபார்மில் முடிவுச் சுருக்கத்தைக் காட்டும் அமைப்பு திறந்திருந்தால், முன்பு நிரப்பியவர்கள் எழுதியதை அடுத்தவர் படித்துவிடுவார். அதை அணைத்துவிட்டு, வேறொரு கணக்கிலிருந்து நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

நேரம் குறிக்கும்போது வீடியோ வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூரிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரியிலும் மழை பிடித்துக்கொண்டால் கரண்டும் சிக்னலும் நிச்சயமில்லை. சாதாரண போன் அழைப்பே போதும். மாற்றுத் தேதி ஒன்றையும் சேர்த்தே குறியுங்கள். நேரில் என்றால் கடைசி பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். வீட்டிலிருந்து பேசுபவரிடம் முதலில் "இப்போ தனியா பேச முடியுமாக்கா?" என்று கேளுங்கள். பக்கத்தில் ஆள் வந்துவிட்டால் சொல்ல ஒரு வார்த்தையை முன்பே பேசி வையுங்கள், "அப்புறம் கூப்பிடுறேன்" என்பது போல. தமிழா, ஆங்கிலமா, மலையாளமா என்று முன்கூட்டியே கேட்பதும் அவசியம்.

ரீசார்ஜ் தொகையோ பஸ் செலவோ தருவதாக இருந்தால் அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்; பாதியில் நிறுத்தியவருக்கும் முழுதாகக் கொடுங்கள்.

பதில் வரவில்லை என்றால் 7 நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும். முடியாது என்று சொன்னவருக்கு நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். அவரிடமே "வேறு யாரையாவது சொல்லுங்களேன்" என்று கேட்காதீர்கள். பேசியவர்களுக்கு எழுத்தாக்கத்தை அனுப்பி, நீக்க வேண்டியதைக் குறிக்க இரண்டு வாரம் கொடுங்கள். அறிக்கை முடிந்ததும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள்.