தட்டுக்காளானை இனங்காண அடிப்பக்கத்தைப் பாருங்கள்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் பட்டுப்போன கிரவீலியா நிழல்மரக் கட்டை ஒன்றைச் சுற்றி வந்தாலே, மரத்தில் தட்டுப்போல நீட்டிக்கொண்டிருக்கும் தட்டுக்காளான் இரண்டு மூன்று வகை கண்ணில் படும். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் பிள்ளைகள் பிய்த்துக்கொண்டு வந்து, "சேர், இது என்ன?" என்று நீட்டுவார்கள். வெறும் காளானை மட்டும் கொண்டுவந்தால் நான் பெயர் சொல்வதில்லை. எந்த மரம், உயிரோடு நிற்கிறதா, பட்டதா, அடியிலா கிளையிலா என்பதெல்லாம் பிய்த்த பிறகு தெரியாமல் போய்விடும். ஆகவே கத்தி எடுக்கும் முன் கொப்பியில் எழுதுங்கள். மேலே, கீழே, மரத்தோடு ஒட்டிய இடம் என்று மூன்று படமும் எடுத்துவிடுங்கள். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனால் படத்தோடு நிறுத்த வேண்டியதுதான். அது தேசியப் பூங்கா, எதையும் பிடுங்கக்கூடாது.

மேற்பக்க நிறத்தை அதிகம் நம்பாதீர்கள். எங்கள் மழைக்கும் மூடுபனிக்கும் அதில் பாசி ஏறிவிடும், வெயிலில் நிறம் வெளிறும். அடிப்பக்கந்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒரு கைவில்லை போதும். துளைகள் தெரிந்தால், அடிமட்டத்தின் மில்லிமீற்றர் பக்கத்தை ஒட்டவைத்து ஒரு மில்லிமீற்றருக்குள் எத்தனை என்று எண்ணுங்கள். நாலைந்து இருப்பதற்கும் ஒன்றுகூட அடங்காததற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கண்ணுக்கே தெரிகிற அறுகோணத் துளைகள் தேன்கூடு மாதிரி இருந்தால் எக்சகோனியா என்ற வகையை நினைக்கலாம். துளையே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் ஸ்டீரியம். மேலே வண்ண வளையங்களோடு இருக்கும் ட்ராமிடீஸ் என்று பலர் ஏமாறுவது இதில்தான், ஆனால் ட்ராமிடீசுக்கு அடியில் துளை உண்டு. விசிறி போன்ற மடிப்புகள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் பிளந்திருந்தால் சிசோபைலம். மேலும் கீழும் செம்மஞ்சளாக, வெயில் படும் பட்ட மரத்தில் இருப்பது பெரும்பாலும் பிக்னோபோரஸ்.

இனி கனோடெர்மா. பழைய நிழல்மரங்களின் அடியில், மேலே கபில நிறத்தில் கட்டையாய், கீழே வெள்ளையாய் இருக்கும் பெரிய தட்டைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பக்கத்தில் ஒரு ஈர்க்கால் கீறுங்கள். கீறிய கோடு உடனே கபிலமாகி அப்படியே நின்றுவிடும். பக்கத்து இலைகளிலும், வேடிக்கையாகத் தட்டின் மேற்பக்கத்திலுமே, கபிலத் தூள் படிந்திருக்கும். அது வித்தி, காளான் இனம் பெருக்கும் தூள். கீழிருந்து உதிர்ந்தாலும் காற்று அதை மேலே தூக்கிவிடுகிறது. ஒன்றை நெடுக்காக வெட்டினால் குழாய்கள் அடுக்கடுக்காகத் தெரியும், பல பருவம் வளர்ந்தது என்று அர்த்தம். மேற்பக்கம் வார்னிஷ் பூசியதுபோல் பளபளப்பதும் கனோடெர்மாதான், வேறு வகை. அப்லனாட்டம் இனமா, ஆஸ்ட்ராலே இனமா என்று பிரிக்க வேண்டுமானால் நுணுக்குக்காட்டியில் வித்தியை அளக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 'கனோடெர்மா' என்று எழுதி நிறுத்துங்கள், குறைந்துபோக மாட்டீர்கள்.

வித்தியின் நிறம் தெரியாவிட்டால், பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் துளைப்பக்கம் கீழாக வைத்து, ஒரு பாத்திரத்தால் மூடி இரவு முழுக்க விடுங்கள். பாடசாலை ஆய்வுகூடம் கைவசம் இருந்தால் இன்னொன்று: கபில நிறச் சதையில் நீர்த்த பொட்டாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விட்டதும் கறுத்தால், பெலினஸ் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். கையில் பட்டால் புண்ணாகும், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

தேயிலைக்காரருக்கு ஒரு வார்த்தை. மரத்தை அழிக்கிற எல்லாமே தட்டாக நீட்டிக்கொண்டிருக்காது. கிரவீலியாக் கட்டையில் கரிபோல ஒட்டிக்கிடக்கும் கறுப்புப் படலம் அஸ்டுலினா, கரிக்கட்டை அழுகல் நோயை உண்டாக்குவது. பட்ட செடியைப் பிடுங்கும்போது வேரில் மண்ணும் கல்லும் கபிலப் பசையோடு கெட்டியாக ஒட்டியிருந்தால் அது பெலினஸ் நோக்சியஸ், கபில வேர்நோய். இவற்றைப் பற்றிக் காளான் ஆய்வாளர் தோமஸ் பெட்ச் 1923 இலேயே தேயிலை நோய்கள் பற்றிய தன் நூலில் எழுதிவைத்திருக்கிறார். சந்தேகம் என்றால் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது, கேளுங்கள்.

பெயர் தெரிந்துவிட்டது என்பதற்காகச் சட்டியில் போட்டுவிடாதீர்கள். அப்புறம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பெரிய மரத்தின் அடியில் கனோடெர்மா கண்டால் பெயரோடு விடவேண்டாம். உள்ளே தண்டு அழுகியிருக்கும், வெளியே இலை பச்சையாகவே இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் தொடங்குவதற்கு முன்பே தோட்டத்துரையிடம் படத்தைக் காட்டி, மரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.