லுக்கீமியா பாசிட்டிவ் பூனையின் தட்டைச் சுத்தம் செய்யச் சோப்பும் வெயிலும் போதும்

நாலைந்து பூனைகளில் ஒன்றுக்கு மட்டும் லுக்கீமியா வைரஸ் (பூனைகளுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கிருமி) பாசிட்டிவ் என்று வந்தால், விலை கூடிய கிருமிநாசினி வாங்க ஓடாதீர்கள். அதற்கென்று தனிச் சோற்றுத்தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் மீன் ஒட்டிய விளிம்பை நன்றாகத் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பால் அலசி, முற்றத்து வெயிலில் காயவையுங்கள்.

இந்த வைரஸ் முக்கியமாக எச்சில் வழியாகத்தான் பரவுகிறது. அதன் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு பட்டாலே சிதைந்துவிடும். காய்ந்த இடத்தில் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது, ஈரத்தில்தான் ஒன்றிரண்டு நாள் கிடக்கும். நம் டெல்டாப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதுவும் காயாது. அப்போது உலர்ந்த துணியால் துடைத்து அடுப்பங்கரைச் சூட்டில் வைத்துவிடுங்கள். மனிதருக்கு இது தொற்றாது, பயமில்லாமல் கழுவலாம்.

பூனைகள் ஒன்றையொன்று நக்கிக்கொண்டு படுத்தாலோ, கடித்துச் சண்டை போட்டாலோ தட்டைப் பிரிப்பது மட்டும் போதாது. பாசிட்டிவ் பூனைக்குத் தனி அறை வேண்டும், மற்றவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். குட்டிகள் இருந்தால் கண்டிப்பாகப் பிரித்தே வையுங்கள். அவற்றுக்குத்தான் சட்டென்று தொற்றும்.