மாடிக்கு இன்னொரு கார்ட்லெஸ் போன்

கீழே போன் அடித்தால் மாடியில் அம்மாவுக்குக் கேட்பதில்லை என்று எங்கள் பானாசோனிக்குக் கூடுதலாக ஒரு ஹேண்ட்செட் வாங்கினேன். இதற்குத் தனியாக லேண்ட்லைன் வயர் இழுக்க வேண்டாம், சார்ஜருக்கு ஒரு பிளக் பாயின்ட் போதும், ஆனால் பேஸில் (கீழே லேண்ட்லைன் வயர் செருகியிருக்கும் பெட்டி) பதிவு செய்யும்வரை ரிங் வராது. புது ஹேண்ட்செட்டில் மெனு போய் #130 அடித்தேன், பேஸில் இருக்கும் லொக்கேட்டர் பட்டனை 5 விநாடி போல அழுத்திப் பிடித்தேன் (சும்மா தட்டினால் பழைய ஹேண்ட்செட்தான் கத்தும்), அப்புறம் ஓகே, பின் நம்பர் (PIN) கேட்டதும் 0000. நீளமாக ஒரு பீப் வந்தது, சரி, சேர்ந்துவிட்டது. மாடலுக்கு மாடல் மெனு கொஞ்சம் மாறும். வேறு கம்பெனி ஹேண்ட்செட் என்றால் அதிலும் பேஸிலும் ஜிஏபி (GAP, வெவ்வேறு கம்பெனி கார்ட்லெஸ் போன்கள் சேர்ந்து வேலை செய்வதற்கான பொது முறை) வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இருந்தாலும் பேசத்தான் உத்தரவாதம், மற்ற வசதிகளை ரொம்ப நம்ப வேண்டாம்.