இரண்டு சிலிண்டர், ஒரே ரிவால்வர்: மாற்றிப் பயன்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே ரிவால்வருக்கு இரண்டு சிலிண்டர்கள், அதாவது தோட்டாக்களை ஏந்திச் சுழலும் உருளைகள், கொடுத்து விற்கும் வழக்கம் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ரூகர் நிறுவனத்தின் சிங்கிள்-சிக்ஸ், ஹெரிடேஜ் நிறுவனத்தின் ரஃப் ரைடர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸின் ஐந்து தோட்டா மினி ரிவால்வர் ஆகிய மூன்றும் இந்த வகையில் பலரும் அறிந்தவை. ஒரு சிலிண்டர் 22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கு உரியது; மற்றது 22 மேக்னம் தோட்டாவுக்கு உரியது. இரண்டையும் மேசைமீது அருகருகே வைத்தால் புதிதாக வாங்கியவருக்கு எது எதுவென்று தெரியாது. நிறம் ஒன்று, அளவு ஒன்று, வெளிப்புறப் பள்ளங்களும் ஒன்றே. உள்ளே துளையிட்ட அறைகளின் விட்டத்தில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.4 மி.மீ. மட்டுமே. இந்தத் துப்பாக்கிகளில் நேரும் தவறுகளில் மிக ஆபத்தானது, கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத இந்த 0.4 மி.மீட்டரைப் பொருட்படுத்தாமல் விடுவதுதான்.

இவ்வளவு சிறிய வேறுபாடு ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் அதை மறக்க முடியாது. 1887-இல் வந்த 22 லாங் ரைஃபிள் பழைய அமைப்பைப் பின்பற்றுவது. அதில் ஈயக் குண்டின் அடிப்பகுதியைச் சற்றுக் குறுக்கி, அந்தக் குறுகிய பகுதியை மட்டும் பித்தளை ஓட்டுக்குள் செருகியிருப்பார்கள். அதனால் குண்டும் ஓடும் வெளிப்பக்கத்தில் ஒரே விட்டத்தில், ஏறத்தாழ 5.7 மி.மீ. அளவில், வழவழப்பாக ஒன்றாய் இருக்கும். 1959-இல் வின்செஸ்டர் அறிமுகப்படுத்திய 22 மேக்னத்தில் குண்டு முழு விட்டத்தோடு ஓட்டுக்குள் இறங்கி நிற்கிறது. குண்டுகளின் விட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் ஒரே குழல் இரண்டுக்கும் பொருந்துகிறது. ஆனால் குண்டை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டியிருப்பதால் மேக்னத்தின் ஓடு 6.1 மி.மீட்டருக்கு அகன்றுவிட்டது. நீளமும் 15.6 மி.மீட்டரிலிருந்து 26.8 மி.மீட்டராக வளர்ந்தது. குழலை மாற்றாமல் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும் என்ற வசதியும், எந்தத் தோட்டாவை எந்தச் சிலிண்டரில் போட்டோம் என்று கவனிக்காவிட்டால் வரும் ஆபத்தும் இந்த ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, மேக்னம் சிலிண்டரில் லாங் ரைஃபிள் தோட்டாவைப் போட்டுச் சுடுவது. போட முடியாதபடி எதுவும் தடுப்பதில்லை. தோட்டா அறைக்குள் தடையின்றி இறங்கும்; அதன் விளிம்பு அறையின் வாயில் தட்டி நின்றுகொள்ளும்; பார்ப்பதற்குச் சரியாக உட்கார்ந்ததுபோலவே தோன்றும். சிலிண்டரைக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் மட்டும் தோட்டா உள்ளே லொடலொடவென்று ஆடும் ஓசை கேட்கும். சுடும்போது மெல்லிய பித்தளை ஓட்டைச் சுற்றி அதைத் தாங்கிக்கொள்ள அறைச்சுவர் அருகில் இருப்பதில்லை. அழுத்தத்தால் ஓடு உப்பி, பெரும்பாலும் நெடுக்காகக் கிழிந்து, சூடான வாயு பின்பக்கமாகக் கைக்கும் முகத்துக்கும் பீறிடுகிறது. அப்படிக் கிழிந்த ஓடு ஒன்றை நான் விரல்களுக்கிடையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நடுப்பகுதி பானைவயிறாகப் பருத்து, ஒரு பக்கம் வாயிலிருந்து அடிவரை பிளந்து, பிளவின் ஓரங்கள் கரிபடிந்து பிளேடுபோலக் கூர்மையாக இருந்தன. அந்தத் துப்பாக்கி ஒன்றும் ஆகாமல் தப்பியது என்பதைச் சிலர் ‘சுட்டால் பரவாயில்லை’ என்பதற்குச் சான்றாகச் சொல்கிறார்கள். என் கருத்தில் அது அடுத்த முறை கண்ணில் பாயப்போகும் பித்தளைத் துண்டுக்கான முன்னறிவிப்பு. இதனால் குறி துல்லியமும் கெடும். அகன்ற அறைக்குள் வழிகாட்டுதல் இல்லாமல் நகரும் ஈயக் குண்டு குழலின் வாயை அடையும்போதே சாய்ந்திருக்கும்.

எதிர்த்திசையில் இந்தத் தவறு நடக்க வாய்ப்பில்லை. மேக்னம் தோட்டா அகலமானது என்பதால் லாங் ரைஃபிள் அறைக்குள் நுழையாது. நுழையவில்லையே என்று கட்டைவிரலால் அழுத்துவதும் எதையாவது கொண்டு தட்டுவதும்தான் அங்கே தவறு. ரிம்ஃபயர் வகையைச் சேர்ந்த இந்தத் தோட்டாக்களில் தீப்பற்றும் மருந்து விளிம்பின் உட்புறத்தில்தான் படிந்திருக்கிறது, அந்த விளிம்பைத் தட்டுவது துப்பாக்கியின் ஊசி செய்யும் வேலையைக் கையால் செய்வதாகும். இன்னொரு தோட்டாவையும் நினைவில் வைக்க வேண்டும். 2002-இல் வந்த 17 எச்எம்ஆர், மேக்னம் ஓட்டின் கழுத்தைக் குறுக்கிச் செய்தது. அடிப்பகுதி ஒன்றே என்பதால் கடைப் பெட்டியிலும் பையிலும் இவை கலந்துவிடக்கூடும். 22 குழலுள்ள துப்பாக்கியில் அதற்கு இடமே கிடையாது.

அடுத்த தவறு பணத்தை மிச்சப்படுத்தும் ஆசையில் வருவது. அமெரிக்க மத்தியச் சட்டப்படி துப்பாக்கி என்று கணக்கில் வருவது அதன் சட்டகம்தான், அதாவது குழலும் சிலிண்டரும் பொருந்தும் உடற்பகுதி. சிலிண்டர் ஓர் உதிரிப் பாகம். அதனால் தனிச் சிலிண்டர்கள் கண்காட்சிகளிலும் இணையத்திலும் எளிதாகக் கைமாறுகின்றன. ‘அதே மாடல்தானே, பொருந்திவிடும்’ என்று வாங்கிச் செருகினால் பெரும்பாலும் உள்ளே போகவும் செய்யும். ஆனால் உள்ளே போவது வேறு, பொருந்துவது வேறு. சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழலின் பின்வாய்க்கும் இடையே பொதுவாக 0.1 முதல் 0.2 மி.மீ. வரையே இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் சூட்டிலும் கரியிலும் சிலிண்டர் இறுகி நின்றுவிடும். கூடினால் வாயு பக்கவாட்டில் வீணாகி வேகம் குறையும். சிலிண்டரைச் சுழற்றும் பற்கள் சற்றுப் பிசகினாலும் அறை குழலுக்கு நேராக வந்து நிற்காது. அப்போது ஒவ்வொரு முறை சுடும்போதும் குண்டின் ஓரம் சீவப்பட்டு ஈயத் துணுக்குகள் பக்கத்தில் நிற்பவர்மீது தெறிக்கும். விளிம்பின் தடிமன்கூட இரண்டு தோட்டாக்களிலும் ஒன்றல்ல: லாங் ரைஃபிளில் ஏறத்தாழ 1.1 மி.மீ., மேக்னத்தில் 1.3 மி.மீ. சிலிண்டருக்குப் பின்னால் விடும் இடம் அதற்கேற்ப அமையாவிட்டால், ஊசி விளிம்பை நசுக்குவதற்குப் பதிலாகத் தோட்டாவையே முன்னால் தள்ளிவிடும். பத்தில் இரண்டு தோட்டா வெடிக்காமல் நிற்கும். உரிமையாளர் தோட்டாவைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ரூகர் தன் கூடுதல் சிலிண்டரின் முன்முகத்தில் அந்தத் துப்பாக்கியின் வரிசை எண்ணில் உள்ள கடைசி மூன்று இலக்கங்களைப் பொறித்து அனுப்புவதற்குக் காரணம் இதுதான். அந்தச் சிலிண்டர் அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே பொருத்திப் பார்க்கப்பட்டது. பழைய துப்பாக்கி வாங்குபவர் முதலில் அந்த மூன்று இலக்கங்களைச் சட்டகத்தின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தேர்ந்த துப்பாக்கிப் பணியாளர் ஒருவர் அளந்து பார்க்கும்வரை அந்தச் சிலிண்டரில் சுடக் கூடாது. பிற்பாடு இரண்டாவது சிலிண்டர் வேண்டுமென்றால் துப்பாக்கியைத் தயாரித்த இடத்துக்கே அனுப்பிப் பொருத்தி வாங்குவதே முறை. செலவும் காத்திருப்பும் கூடும் என்பது உண்மை. முதலிலேயே இரண்டு சிலிண்டரோடு வரும் துப்பாக்கியை வாங்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

மினி ரிவால்வர் வாங்குவோர் இதில் கூடுதலாக ஓரிடத்தில் ஏமாறுகிறார்கள். நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸ் லாங் ரைஃபிளுக்கென்று சிறிய சட்டகமும் மேக்னத்துக்கென்று நீளமான சட்டகமும் செய்கிறது. நீளமான சட்டகத்தில் லாங் ரைஃபிள் சிலிண்டரையும் பொருத்திக்கொள்ளலாம். சிறிய சட்டகத்தில் மேக்னம் சிலிண்டருக்கு இடமே போதாது. ‘இப்போதைக்குச் சிறியதை வாங்குவோம், பிறகு மேக்னம் சிலிண்டர் சேர்த்துக்கொள்வோம்’ என்று திட்டமிட்டவருக்குப் பிறகு துப்பாக்கியையே மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எந்தச் சிலிண்டரை எதற்கு என்று தேர்ந்தெடுப்பதில் பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்புவது பரவலான பிழை. 40 கிரெய்ன் (ஏறத்தாழ 2.6 கிராம்) எடையுள்ள மேக்னம் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 1,900 அடி செல்லும் என்று பெட்டி சொல்வது நீண்ட ரைஃபிள் குழலில் அளந்த கணக்கு. ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும் மினி ரிவால்வர் குழலில் அந்த வேகத்தில் பாதியை ஒட்டித்தான் கிடைக்கும், ஏனெனில் மெதுவாக எரியும் மருந்தின் கணிசமான பகுதி குழலைத் தாண்டி வெளியே வந்துதான் எரிகிறது. அதன் அடையாளங்கள் கண்ணைக் கூசவைக்கும் தீப்பிழம்பும் காதைப் பிளக்கும் ஓசையும். அப்போதும் மேக்னம் லாங் ரைஃபிளைவிட வலுவானதுதான். ஆனால் கொடுக்கும் விலைக்கும் சத்தத்துக்கும் ஈடான அளவுக்கு அல்ல. ஐந்தரை, ஆறரை அங்குலக் குழலுள்ள சிங்கிள்-சிக்ஸில் நிலைமை வேறு. அங்கே மேக்னம் சிலிண்டர் தன் தகுதியை உண்மையாகவே காட்டுகிறது. பழகுவதற்கும் இலக்கில் சுடுவதற்கும் எந்தத் துப்பாக்கியானாலும் லாங் ரைஃபிள் சிலிண்டரே போதும், மலிவும் அதுவே.

சிலிண்டரை மாற்றியபின் குறி அதே இடத்தில் விழும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. குண்டின் வேகம் மாறுகிறது, உதைப்பு மாறுகிறது. ஆகவே குண்டு விழும் இடமும் மாறுகிறது. நகர்த்த முடியாத குறிமுனை உள்ள துப்பாக்கியில் எந்தச் சிலிண்டருக்கு எவ்வளவு விலகுகிறது என்பதைத் தாளில் சுட்டுக் குறித்துவைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

மாற்றும் வேலையைச் செய்யும்போது வரும் தவறுகள் அவசரத்தால் வருபவை. சிலிண்டரைக் கழற்றும் முன் ஒவ்வோர் அறையும் காலியா என்று பார்க்க வேண்டும். பொருத்தியபின் சிலிண்டரைத் தாங்கும் நடு ஊசி முழுவதும் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். மினி ரிவால்வரின் பெரும்பாலான மாடல்களில் தோட்டா நிரப்பவே ஒவ்வொரு முறையும் சிலிண்டரை வெளியே எடுத்தாக வேண்டும் என்பதால் இரண்டு சிலிண்டரும் இரண்டு வகைத் தோட்டாவும் ஒரே மேசையில் கலக்கும் வாய்ப்பு அங்கேதான் அதிகம். இன்னும் சிலர் இரண்டாவது சிலிண்டரில் தோட்டாக்களை நிரப்பிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். தீப்பற்றும் விளிம்புகள் ஐந்தும் ஒரு பக்கமாகத் திறந்திருக்க, கீழே கல்லில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய வகைச் சிங்கிள்-சிக்ஸில், அதாவது 1973-இல் ஹேமருக்கும் (ஊசியை அடிக்கும் சுத்தியல்) ஊசிக்கும் இடையே பாதுகாப்புத் தகடு வைத்த புது மாடல் வருவதற்கு முந்தையவற்றில், எந்தச் சிலிண்டரானாலும் ஐந்து தோட்டா மட்டும் போட்டு ஹேமர் காலி அறைமீது இருக்கும்படி வைக்க வேண்டும். மினி ரிவால்வரில் அறைகளுக்கு இடையே வெட்டியுள்ள பள்ளத்தில் ஹேமரை இருத்த வேண்டும்.

பராமரிப்பில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லாங் ரைஃபிள் சிலிண்டரில் 22 ஷார்ட் தோட்டாவைச் சுடலாம், அதில் ஆபத்தில்லை. ஆனால் அதன் ஓடு 10.7 மி.மீ. நீளமே என்பதால் அதற்கு முன்னால் அறைச்சுவரில் கரியும் மெழுகும் வளையமாகப் படிகின்றன. அதைத் துலக்காமல் அடுத்து லாங் ரைஃபிளைப் போட்டால் பாதியில் நின்றுவிடும், சுட்டபின் ஓடு வெளியே வர மறுக்கும். தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பழகுவதையும், தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தாலொழிய, தவிர்க்க வேண்டும். ஊசி அறையின் ஓரத்தில் குத்தி ஏற்படுத்தும் சிறு பிசிறே ஓட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளப் போதும்.

எந்தச் சிலிண்டர் துப்பாக்கியில் இல்லையோ அதைத் தனித் துணிப்பையில், அதற்குரிய தோட்டாப் பெட்டியோடு சேர்த்து, மற்ற தோட்டாக்கள் இருக்கும் இடத்திலிருந்து விலக்கி வையுங்கள். பையின்மேல் எந்தத் தோட்டாவுக்கு உரியது என்று பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிடுங்கள். ஓராண்டு கழித்து அதை எடுப்பவர் நீங்களாகவே இல்லாமலும் போகலாம்.