சாயங்காலம் மட்டும் மூடாத கராஜ் கதவு

நாலு நாள் படுத்திவிட்டது. ரிமோட்டை அழுத்தினால் கதவு கொஞ்சம் இறங்கி, விளக்கு மின்னி, திரும்ப மேலே போய்விடும். பேட்டரி மாற்றினேன், உருளைகளுக்கு எண்ணெய் விட்டேன், பலனில்லை. ஸ்பிரிங்கில் மட்டும் கை வைக்கவில்லை, முறுக்கேறிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே அடித்துவிடும்.

சுவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் மட்டும் முழுதாக மூடியது. அப்படிப் பிடித்திருக்கும்போது கதவு சென்சாரைக் கண்டுகொள்ளாது. அப்படியென்றால் கோளாறு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கும் சென்சாரில்தான். ஒரு பக்கம் ஒளியை அனுப்பும், எதிர்ப்பக்கம் வாங்கும்; நடுவில் ஏதாவது மறைத்தால் கதவு மேலே போய்விடும். லென்ஸைத் துடைத்தும் சரியாகவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், காலையில் இந்தத் தொல்லையே வரவில்லை. சாயங்கால வெயில் நேராக, ஒளியை வாங்கும் சென்சாரின் கண்ணில் விழுந்து, எதிரிலிருந்து வரும் ஒளி தெரியாமல் செய்திருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு லென்ஸைச் சுற்றி ஒரு அட்டைக் குழாயை ஒட்டினேன். பிறகு கதவு இறங்கும்போது துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினேன், உடனே மேலே ஏறியது. நிம்மதி.