காலில் தாளம், கையில் நடை: உடம்பைத் தட்டி லயம் பழகும் முறை

தாளம் பழகுகிறவர்கள் பெரும்பாலும் கையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். கொஞ்சம் உற்சாகம் வந்தால் போதும், கை ஓடிவிடும். கால் அப்படி ஓடாது. உடம்பின் எடை முழுக்க அதன்மேல் இருக்கிறது. அதனால் முதலில் கால், பிறகு வாய், கடைசியில்தான் கை. ராமநாதபுரம் கரையோரத்துக்கு இது புதிதல்ல. முளைப்பாரிக் கும்மியில் அடி எடுத்து வைப்பதும், மீனவர்கள் வேலையின்போது பாடும் அம்பாப் பாட்டுக்குக் குதிகாலை மணலில் ஊன்றிக் கரைவலை இழுப்பதும் இதே வழிதான்.

இடத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மணலில் மிதித்தால் சத்தம் வராது, கால் புதைந்து அடுத்த அடியும் தாமதமாகும். தண்ணீர் வடிந்த ஈர மணல் பரவாயில்லை. ஏலம் முடிந்து ஆளில்லாத மீன் ஏலக்கூடத்தின் சிமெண்ட் தரை கிடைத்தால் இன்னும் நல்லது. தகரக் கூரையாக இருந்தால் எதிரொலி குழப்பும். நடுவில் நிற்காமல் திறந்த பக்கமாக நில்லுங்கள். ஆடியில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கத்துக் காற்று சத்தத்தை அள்ளிக்கொண்டு போய்விடும், அப்போது வடகடல் (பாக் விரிகுடா) கரைதான் சரி. வாடை எழும்பும் ஐப்பசி, கார்த்திகையில் இது தலைகீழ். அலைச் சத்தத்தை வைத்துத் தாளம் பிடிக்க மட்டும் பார்க்காதீர்கள். அலைக்கு அலை இடைவெளி மாறும். சீராகத் துடிப்புச் சத்தம் தரும் மெட்ரோனோம் செயலி ஒன்று போனில் இருந்தால் போதும்.

நான்கு சத்தங்கள்

கால்: முன்பாதம் தரையிலேயே இருக்கட்டும். குதிகாலை இரண்டு விரல் உயரம் தூக்கி விடுங்கள். சிமெண்டில் முழுப் பாதத்தையும் ஓங்கி மிதித்தால் முட்டி வலிக்கும். தொடை: விரல்களைத் தளர்வாக வைத்துத் தட்டிய உடனே கையை எடுத்துவிட வேண்டும். அழுத்தி நிறுத்தினால் சத்தம் செத்துவிடும். நெஞ்சு: காறை எலும்புக்குக் கீழே, மெதுவாக. கைத்தட்டு இரண்டு வகை. உள்ளங்கைகளைக் குழித்துத் தட்டினால் கனமான ஒலி. ஒரு கையின் விரல்களை மறு உள்ளங்கையில் தட்டினால் கூர்மையான ஒலி. தஃப் என்ற வட்டத் தோல்கருவியை அடிக்கிறவர்கள் நடுவிலும் விளிம்பிலும் மாற்றி அடித்துக் கேட்கும் வேறுபாடு இதுதான்.

தகதிமி

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 40-ல் வையுங்கள். மெதுவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு குதிகால்: வலது, இடது, வலது, இடது. 8 அடி ஒரு சுற்று. ஆதி தாளம் தெரிந்தவர்கள் அதன் 8 எண்ணிக்கையாகவே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு நிமிடம் காலை மட்டும் ஓட்டுங்கள். அடுத்து, ஒவ்வொரு அடிக்குள்ளும் வாயால் 'தகதிமி' சொல்லுங்கள். 'த' காலோடு சேர்ந்து விழ வேண்டும். நான்கு எழுத்தும் ஒரே நீளம். 'மி'யை இழுப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். இழுத்தால் அடுத்த கால் பிந்தும்.

வாய் சரியான பிறகு கை. 'த' கால், 'க' வலத்தொடை, 'தி' கைத்தட்டு, 'மி' இடத்தொடை. முதல் சில சுற்றுகளில் 'தி'யில் கைத்தட்டு மட்டும் போதும், தொடையைப் பிறகு சேருங்கள். கைத்தட்டு பிந்துகிறதென்றால் கை அதிகம் உயர்கிறது என்று அர்த்தம். நெஞ்சுக்கு முன்னால் தட்டாமல் தொப்புள் உயரத்தில் தட்டுங்கள். தொடைக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்தான். 40-ல் 8 சுற்று பிசகாமல் வந்த பிறகே 44. அப்படியே நாலு நாலாக 60 வரை ஏற்றலாம்.

தகிட

கும்மியிலும் ஒயிலாட்டத்திலும் அதிகம் வரும் திஸ்ர நடை. நடை என்பது ஒரு அடியை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்பது, திஸ்ரம் என்றால் மூன்று. 'த' கால், 'கி' இரண்டு தொடையும் சேர்த்து, 'ட' கைத்தட்டு. இது உடம்பில் சீக்கிரம் ஏறிவிடும்.

உண்மையான சோதனை நடை மாற்றம். மெட்ரோனோம் 50. கால் அதே வேகத்தில் போக, ஒரு சுற்று தகதிமி, ஒரு சுற்று தகிட. தகிடவுக்கு மாறும் இடத்தில் காலும் வேகமெடுத்தால், கை பழைய வேகத்திலேயே அடித்துக் காலை இழுத்துக்கொண்டு போகிறது. மூன்று தட்டு நான்கின் இடத்தை நிரப்ப வேண்டும் என்பதால் கை சற்று நிதானிக்க வேண்டும். கையை நிறுத்திவிட்டுக் காலும் வாயுமாக மட்டும் மாற்றிப் பாருங்கள். நாக்கு மாறிவிட்டால் கையும் மாறும்.

மிஸ்ரம், 7

தகிட தகதிமி. இங்கே மெட்ரோனோமை அணைத்துவிடுங்கள். இரண்டு 'த'விலும் மட்டும் கால் விழும். முதல் அடி குட்டை, இரண்டாவது நீளம். முதல் அடியையும் நீட்டி 7-ஐ 8 ஆக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு, அதுவும் செய்கிறவருக்கே தெரியாது. ஒரு நிமிடம் போனில் பதிவு செய்து, கேட்டுக்கொண்டே 'தகிட தகதிமி' என்ற சொற்கட்டைச் சொல்லிப் பாருங்கள். மூச்சு விட இடம் கிடைத்தால் எட்டாகிவிட்டது. 5-க்கு, அதாவது கண்டத்துக்கு, தக தகிட, முறை இதேதான்.

கூட்டமாக

எட்டுப் பேர் வட்டமாக, ஒருவர் காலை ஒருவர் பார்க்கும்படி நில்லுங்கள். மூன்று பேர் காலும் குழித்த கைத்தட்டும் மட்டும். மூன்று பேர் தகதிமி முழுதாக. ஒருவர் நெஞ்சில் ஒன்றுவிட்டு ஒரு அடி. எட்டாமவர் அம்பா போல ஒரு வரி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்க வேண்டும். பாடும்போது தட்டு தடுமாறினால் தொடையை விட்டுவிடுங்கள், காலை விடாதீர்கள். கூட்டத்தில் வேகம் ஏறுவது சத்தம் ஏறும்போதுதான். ஆகவே பலமாகவும் மெதுவாகவும் மாறிமாறி ஒவ்வொரு சுற்று அடித்துப் பழகுங்கள். யாராவது வழுக்கினால் எல்லோரும் நிற்க வேண்டாம். அவர் காலை மட்டும் ஓட்டிக்கொண்டு அடுத்த சுற்றின் முதல் 'த'வில் சேர்ந்துகொள்வார்.

ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். உள்ளங்கை சிவந்து எரிந்தால் அன்றைக்குத் தொடையும் காலும் மட்டும்.