முதல் நல்ல பேட்மின்டன் பேட் வாங்கும்போது செய்யும் தவறுகள்

சில மாதங்கள் நண்பரின் பேட்டை வாங்கி ஆடிவிட்டு, ‘இனி நமக்கென்று ஒன்று வேண்டும்’ என்று தோன்றும் நாள் வரும். அன்று பலரும் நேராகத் தேடுவது டிவியில் பார்த்த வீரரின் பேட்டைத்தான்.

டென்மார்க் வீரர் விக்டர் அக்சல்சன் ஆடிய யோனெக்ஸ் அஸ்ட்ராக்ஸ் 100 இசட்இசட்டையே எடுத்துக்கொள்வோம். தலைப்பக்கம் கனமானது, தண்டு மிகவும் விறைப்பானது. அவர் வீசும் வேகத்துக்கு அந்தத் தண்டு வளைந்து, சட்டென நிமிர்ந்து ஷட்டிலை அடித்துத் தள்ளும். புதிதாக ஆடுகிறவரின் வீச்சுக்கு அது வளையவே வளையாது. அது தராத விசையைத் தோளும் முழங்கையும்தான் தந்தாக வேண்டும்.

எனக்கு நடந்ததும் இதுதான். விறைப்பான தண்டு, அதில் 28 பவுண்டு கட்டிங், அதாவது நரம்பை அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தது. கடைக்காரர் “புரோ எல்லாரும் இதுலதான் ஆடுறாங்க” என்றார், நானும் தலையாட்டினேன். எதிராளியின் பின்கோடுவரை போகும்படி உயரத் தூக்கி அடிப்பதுதான் கிளியர்; பின்கோட்டிலிருந்து நான் அடித்த கிளியர் எதிர்ப்பக்கம் பாதி தூரம்தான் போனது. இரண்டே மாதத்தில் முழங்கையின் வெளிப்பக்கம் வலி தொடங்கியது. காலையில் டீ டம்ளரைத் தூக்கும்போதே சுருக்கென்றது. வலி போகும்வரை ஆட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்: முதல் பேட்டுக்கு நடுத்தரமாக வளைந்து கொடுக்கும் தண்டும், தலைக்கும் பிடிக்கும் எடை சமமாகப் பிரிந்த அமைப்பும் போதும். தலை கனமான பேட்டில் ஸ்மாஷ் நன்றாக இறங்கும், சரி. ஆனால் டபுள்ஸில் எதிராளி மார்புக்கு நேராக அடிக்கும்போது அதைத் திருப்பிக் கொண்டுவர நேரம் போதாது.

கட்டிங் விஷயத்தில் பவுண்டு கூடினால் பலம் கூடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. நடப்பது நேர்மாறு. நரம்பு தளர்வாக இருந்தால் ஷட்டில் உள்ளே அமிழ்ந்து துள்ளிப் போகும். இறுக்க இறுக்கக் குறி கூர்மையாகும், ஆனால் நடுவில் சரியாகப் படும் இடம் சுருங்கிவிடும். அந்தச் சின்ன இடத்தில் தவறாமல் அடிக்க ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். 22 முதல் 24 பவுண்டு வரை இப்போதைக்கு தாராளம். நரம்பிலும் மெல்லியதைத் தேட வேண்டாம். 0.65 மி.மீ. நரம்பு துள்ளும், ஆனால் விளிம்பில் பட்டால் சீக்கிரம் அறுந்துவிடும். பிஜி 65 போன்ற 0.70 மி.மீ. நரம்பு நாள்பட உழைக்கும். இதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட்டு, மீதியில் பேட் வாங்குங்கள்.

எடைக்கு 4யு என்று கேளுங்கள், நரம்பில்லாமல் 80 முதல் 84 கிராம். 3யு அதைவிட ஐந்து கிராம் கூடுதல். கேட்கும்போது ஒன்றுமில்லைபோல் இருக்கும், மூன்றாவது செட்டில் தோள் சொல்லும்.

பிடியை யாரும் கவனிப்பதில்லை, அது எனக்கு வருத்தமான விஷயம். யோனெக்ஸில் ஜி4, ஜி5 என்று எண் கூடக் கூடப் பிடி மெலியும். சந்தேகமாக இருந்தால் மெல்லியதையே வாங்குங்கள். மேலே ஓவர்கிரிப் பட்டை சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளலாம், தடித்த பிடியின் கட்டையைச் செதுக்க முடியாது. கடையில் கை குலுக்குவதுபோல் தளர்வாகப் பிடித்து, கட்டைவிரலைத் தட்டையான பக்கத்துக்கு மாற்றி மாற்றிப் பாருங்கள். பேட் உள்ளங்கைக்குள் சுலபமாகத் திரும்ப வேண்டும். இறுக்கிப் பிடித்தால்தான் நிற்கிறது என்றால் அது உங்கள் பேட் இல்லை.

இரண்டு பேட், ஒரு உறை, மூன்று ஷட்டில் என்று ஒரே விலைக்கு வரும் செட்டை மொட்டைமாடி ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலையும் தண்டும் தனித்தனியாகச் செய்து நடுவில் இணைத்த பேட்டும் அப்படித்தான். முழுக்க கிராஃபைட்டில் செய்ததாகப் பாருங்கள்.

அப்புறம், வாங்கிய பிறகு நடக்கும் தவறு ஒன்று. நரம்பு ஒன்று அறுந்ததும் ‘ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகலாம்’ என்று உறைக்குள் போட்டுவிடுவார்கள். மீதி நரம்புகள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும், அதில் பேட்டின் சட்டம் (ஃபிரேம்) கோணிவிடும், விரிசலும் விடலாம். கோர்ட்டிலேயே கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, நடுவில் தொடங்கி நாலாபக்கமும் சமமாக வெளிநோக்கி எல்லா நரம்பையும் வெட்டிவிட்டுக் கிளம்புங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் பேட்டை விடாதீர்கள்.